விற்பவருக்குத் தெரிந்த ரகசியம்

1967-ஆம் ஆண்டு ஜூன் மாதம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஓராண்டு முடித்திருந்த ஜார்ஜ் அகெர்லாஃப், ஒரு சின்னக் கட்டுரையை உறையில் போட்டு அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதார இதழுக்கு அனுப்பினார். பிறகு மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டார். டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அவருக்கு ஓராண்டு வேலை இருந்தது. கட்டுரையின் பொருள் பழைய கார் வியாபாரம். இதழிலிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது. இவ்வளவு அற்பமான விஷயத்தை நாங்கள் வெளியிடுவதில்லை என்றது அது.

அந்த அற்ப விஷயம் இதுதான். ஒரு காரை நாலைந்து வருடம் ஓட்டியவருக்கு அதன் இன்ஜின் எங்கே முனகும், பிரேக் எப்போது காலை வாரும் என்பது அத்துபடி. வாங்க வருபவருக்கு வெளியே இருக்கும் பளபளப்பு மட்டும்தான் தெரியும். எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று பிரித்தறிய வழியில்லாததால் எல்லா வண்டிக்கும் ஒரு சராசரி விலையைத்தான் அவர் சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது. அவர் விற்காமல் விலகிக்கொள்வார். சந்தையின் தரம் ஒரு படி இறங்கும், விலையும் இறங்கும், அடுத்த நல்ல வண்டியும் விலகும். கடைசியில் மிஞ்சுவது முழுக்கக் கழித்துக்கட்டிய வண்டிகள். அகெர்லாஃப் அதே கட்டுரையில் இந்தியாவையும் உதாரணம் காட்டியிருந்தார். அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் பொறுக்கிய கற்களைக் கலந்து விற்பதும், அமர்ந்து அந்தக் கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கும் குடும்பத்துப் பெண்ணும், கிராமத்து வட்டிக்காரரும் அதில் வந்தார்கள். இரண்டாவது இதழும் அற்பம் என்றது. மூன்றாவது இதழின் மதிப்பீட்டாளர்கள், இது சரியென்றால் பொருளாதாரமே வேறாக இருக்க வேண்டும், ஆகவே இது தவறு என்றார்கள். நாலாவது இதழ்தான் 1970-இல் அச்சேற்றியது. 2001-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நோய்க்குப் பெயர் வைப்பது ஒன்று, மருந்து கொடுப்பது வேறு. மருந்து வாஷிங்டனில் தயாராக வேண்டியிருந்தது.

அன்றைய அமெரிக்காவில் பழைய கார் டீலர் என்றாலே ஜனங்களுக்கு ஒரு பயம். 1960 தேர்தலில் நிக்சனை வீழ்த்த நினைத்தவர்கள் அவர் படத்தின் கீழே, இந்த ஆளிடம் பழைய கார் வாங்குவீர்களா என்று ஒரே ஒரு கேள்வியை அச்சடித்து ஒட்டினார்கள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஓடிய மைல்களைக் காட்டும் மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவது ஊரறிந்த தொழிலாக இருந்தது. 1972-இல்தான் மத்திய சட்டம் அதைத் தடைசெய்தது. நேர்மையான டீலர்கள் இருந்தார்கள். ஆனால் பொய் சொல்பவரோடு போட்டி போட்டு அவர்களும் விலையில் தோற்றார்கள். அகெர்லாஃப் எழுதியது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

விற்பனைத் திடலில் நடந்தது ஒரு விதம் என்றால், பத்திரத்தில் நடந்தது வேறு விதம். வண்டி வாங்க வந்த தொழிலாளியிடம் விற்பனையாளர், எது கெட்டாலும் கொண்டு வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வாயாரச் சொல்வார். பத்திரத்தின் பின்பக்கப் பொடி எழுத்தோ, உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது என்று சொல்லும். மூன்றாம் நாள் கியர்பாக்ஸ் போகும். தவணையை நிறுத்திவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. டீலர் அந்தக் கடன் பத்திரத்தை அதற்குள் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு விற்றிருப்பார். வண்டியைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது, பணத்தைக் கட்டு என்பது கம்பெனியின் பதில். பத்திரத்தை விலைகொடுத்து வாங்கியவர் மீது பழைய பழுதைச் சுமத்த முடியாது என்று சட்டமும் அவர்கள் பக்கமே நின்றது. ஓடாத வண்டிக்கு மூன்று வருடம் தவணை கட்டிய குடும்பங்கள் ஏராளம். இந்த அநியாயம் ஒரு நாள் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்கிற மத்திய வர்த்தக ஆணையத்தின் மேசைக்கு வந்தது.

கடன் விஷயத்தில் ஆணையம் ஒரே போடாகப் போட்டது. 1975 நவம்பரில் விதி பிறந்தது, 1976 மே மாதம் அமலுக்கு வந்தது. விற்பவரே ஏற்பாடு செய்யும் ஒவ்வொரு கடன் பத்திரத்திலும் ஒரு வாசகம் கட்டாயமாக்கப்பட்டது. டீலர் மீது வாங்கியவருக்கு என்னென்ன வழக்குரிமை உண்டோ, அத்தனையும் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர் மீதும் உண்டு என்பது அதன் சாரம். ஒரு வாசகம்தான். எங்களுக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிய கம்பெனிகள் அதன்பிறகு எந்த டீலரிடம் பத்திரம் வாங்குகிறோம் என்று பார்த்தே ஆக வேண்டியதாயிற்று. என் கணக்கில், கடனுக்குக் கார் வாங்கிய ஏழைக்கு அந்த நூற்றாண்டில் கிடைத்த மிகப்பெரிய பாதுகாப்பு அதுதான். கடன் பத்திரம் இவ்வளவு சுலபமாகத் திருந்தியபோது, காரைத் திருத்துவதும் சுலபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்கான உத்தரவு ஏற்கெனவே வந்திருந்தது. செனட்டர் வாரன் மேக்னுசன், பிரதிநிதி ஜான் மாஸ் இருவரின் பெயரைத் தாங்கிய வாரண்டிச் சட்டத்தில் 1975 ஜனவரி 4 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். பழைய கார்களுக்கான விதியை உருவாக்கும் வேலையை ஓராண்டுக்குள் தொடங்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு ஆணையத்துக்குக் கட்டளையிட்டது. ஆணையம் 1976 ஜனவரியில் தொடங்கியது. முடிவதற்குள் மூன்று அதிபர்களைப் பார்க்கப்போகிறோம் என்று அன்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

முதலில் ஆசை பெரிதாக இருந்தது. விஸ்கான்சின் மாநிலம் அப்போது ஒரு துணிச்சலான காரியம் செய்துகொண்டிருந்தது. அங்கே டீலர், விற்பதற்கு முன் வண்டியைச் சோதித்து, எது நன்றாக இருக்கிறது, எது கெட்டிருக்கிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். அதேபோல நாடு முழுவதும் சோதனையைக் கட்டாயமாக்கலாம் என்று ஆணையத்தின் அலுவலர்கள் பரிந்துரைத்தார்கள். செலவு எகிறும், விலை ஏறும் என்று டீலர்கள் கொதித்தார்கள். ஆணையர்கள் பின்வாங்கினார்கள். கட்டாயச் சோதனை போயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பானதுபோலத் தேய்ந்து, 1981 ஆகஸ்டில் வெளிவந்த விதியில் மிஞ்சியது ஒரே ஒரு கோரிக்கை. டீலர் எதையும் சோதிக்க வேண்டாம், தேட வேண்டாம். வண்டியில் பெரிய பழுது இருப்பது தனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் அதை மட்டும் எழுதி வைக்க வேண்டும். தெரிந்ததைச் சொல், அவ்வளவுதான். இதைவிடக் குறைவாக ஒரு நியாயத்தைக் கேட்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குறைந்தபட்ச நியாயத்துக்கும் ஒரு பொறி காத்திருந்தது.

அந்தப் பொறி 1980-இல் வைக்கப்பட்டது. எழுபதுகளின் இறுதியில் ஆணையம் ஒரே நேரத்தில் பல பெரிய கைகளோடு மோதியிருந்தது. குழந்தைகளைக் குறிவைக்கும் டிவி விளம்பரங்கள், ஈமச்சடங்கு நிலையங்கள், காப்பீடு என்று எங்கும் கை நீட்டியது. நாட்டுக்கே தாதியாகப் பார்க்கிறது என்று வாஷிங்டன் போஸ்ட் தலையங்கமே சாடியது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணம் ஒதுக்காமல் இழுத்தடித்ததில் 1980 மே முதல் தேதி ஆணையம் ஒரு நாள் கதவடைத்தது. அதே மாத இறுதியில் வந்த சட்டம் ஆணையத்துக்கு உயிர் கொடுத்தது, கூடவே கழுத்தில் ஒரு கயிறும் போட்டது. ஆணையம் எந்த விதி போட்டாலும், காங்கிரஸின் இரு சபைகளும் 90 நாளுக்குள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் விதி செத்தது. அதிபரின் கையெழுத்து தேவையில்லை. இந்த அதிகாரத்தை முதலில் எதன் மீது பாய்ச்சுவார்கள் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

பாய்ந்தது பழைய கார் மீது. தேசிய ஆட்டோமொபைல் டீலர்கள் சங்கம் சாதாரணச் சங்கம் அல்ல. நாட்டின் ஒவ்வொரு தொகுதியிலும் அதற்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஊர்த் திருவிழாவுக்கும் பள்ளிக்கூட அணிக்கும் நன்கொடை தரும் பெரிய மனிதர்கள் அவர்கள். 1980 தேர்தலில் அந்தச் சங்கத்தின் அரசியல் நிதி வேட்பாளர்களுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வழங்கியிருந்தது. 1982 மே 18 அன்று செனட் 69-க்கு 27 என்ற கணக்கில் விதியை நிராகரித்தது. மே 26 அன்று பிரதிநிதிகள் சபை 286-க்கு 133 என்று வழிமொழிந்தது. ஏழு வருட உழைப்பு எட்டு நாளில் புதைக்கப்பட்டது. மண்ணைத் தள்ளி மூடும் நேரத்தில், கார் வியாபாரத்துக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஓர் இளைஞரின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் காத்துக்கொண்டிருந்தது.

அவர் பெயர் ஜகதீஷ் ராய் சாதா. இந்தியப் பெற்றோருக்குக் கென்யாவில் பிறந்தவர், கையில் இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். ஓஹியோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் படிக்க அமெரிக்கா வந்தார். 1972 ஜூன் 30-உடன் அவருடைய மாணவர் விசா முடிந்தது. கென்யா, நீ எங்கள் குடிமகன் இல்லை என்றது. பிரிட்டன் இப்போதைக்கு இடமில்லை என்றது. போக ஊரில்லாமல் நின்றவரை 1974 ஜூனில் குடிவரவு நீதிபதி ஒருவர் இரக்கத்தோடு பார்த்தார். நாடு கடத்தினால் இவருக்குத் தாங்க முடியாத துன்பம் நேரும் என்று சொல்லித் தங்க அனுமதித்தார். சாதா நிம்மதிப் பெருமூச்சு விட்டார். ஒன்றரை வருடம்தான் அந்த நிம்மதி.

இப்படி அனுமதி பெற்ற 340 பேரின் பட்டியல் காங்கிரஸுக்குப் போயிருந்தது. ஏதாவது ஒரு சபை மறுத்தால் அனுமதி ரத்து என்று குடிவரவுச் சட்டத்திலும் அதே மாதிரி ஒரு கயிறு இருந்தது. 1975 டிசம்பர் 16 அன்று பிரதிநிதிகள் சபை அந்தப் பட்டியலிலிருந்து ஆறு பெயர்களை அடித்தது. தீர்மானம் அச்சடித்து உறுப்பினர்களுக்கு வழங்கப்படவில்லை, விவாதம் நடக்கவில்லை, யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற பதிவும் இல்லை. அடிபட்ட ஆறில் ஒன்று சாதாவின் பெயர். ஏன் என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. பெட்டி கட்டியிருக்க வேண்டிய அந்த மாணவர், பெட்டிக்குப் பதிலாக வழக்கைத் தூக்கிக்கொண்டு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்.

அங்கே நடந்தது விசித்திரம். அவரை வெளியேற்ற வேண்டிய குடிவரவுத் துறையே, இந்தச் சட்டப்பிரிவு செல்லாது, சாதா சொல்வதுதான் சரி என்றது. காங்கிரஸ் தன் அதிகாரத்தைக் காக்கத் தானே வழக்கறிஞர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. 1980 டிசம்பரில், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆண்டனி கென்னடி தீர்ப்பெழுதினார். வென்றது சாதா. காங்கிரஸ் தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே சாதாவுக்காக வாதாட வந்தவர் ஆலன் மோரிசன். நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடர் தொடங்கிய பப்ளிக் சிட்டிசன் அமைப்பின் வழக்காடும் பிரிவுக்குத் தலைவர். ஒரு நுகர்வோர் வழக்கறிஞர் ஏன் ஒரு விசா வழக்கை எடுக்க வேண்டும்? சபைகள் தன்னிஷ்டத்துக்குப் போடும் அந்த ரத்துக் கயிறு இங்கே அறுந்தால் எல்லா இடத்திலும் அறுந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1982 மே மாதம் கார் விதி செத்தபோது கன்ஸ்யூமர்ஸ் யூனியனும் பப்ளிக் சிட்டிசனும் அதே வாதத்தைத் தூக்கிக்கொண்டு தலைநகர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஓடின. அக்டோபரில் அதன் முழு அமர்வும், காங்கிரஸ் செய்தது செல்லாது என்றது. ஆனால் கடைசி வார்த்தை உச்ச நீதிமன்றத்திடம். அந்த நீதிமன்றமோ சாதா வழக்கை 1982 பிப்ரவரியில் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு சொல்ல முடியாமல், டிசம்பரில் மறுபடி கேட்டது. பல லட்சம் கார்களின் விதி ஒரு மாணவரின் விதியோடு முடிச்சுப் போட்டுக் கிடந்தது.

1983 ஜூன் 23 அன்று முடிச்சு அவிழ்ந்தது. ஏழுக்கு இரண்டு. ஒரு சட்டத்தின் விளைவை மாற்ற வேண்டுமானால் இரு சபையும் நிறைவேற்றி, அதிபரின் முன் வைத்து, முறைப்படிச் சட்டமாகத்தான் செய்ய வேண்டும், குறுக்கு வழி கிடையாது என்று தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதினார். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பைரன் வைட், சட்டங்களில் இருக்கும் கிட்டத்தட்ட 200 பிரிவுகளுக்கு இது மரண அடி என்று வருந்தினார். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 6 அன்று, வாதம் எதுவும் கேட்காமலே உச்ச நீதிமன்றம் கார் வழக்கிலும் அதே முடிவை உறுதி செய்தது. புதைத்த விதி எழுந்து உட்கார்ந்தது. நுகர்வோர் அமைப்புகள் வெற்றியைக் கொண்டாடின. அந்தக் கொண்டாட்டம் நீடித்திருக்க வேண்டும்.

நீடிக்கவில்லை. இந்த இடைவெளியில் ஆணையமே ஆள் மாறியிருந்தது. ரொனால்டு ரேகன் நியமித்த ஜேம்ஸ் மில்லர் தலைவராகியிருந்தார். அரசு விதிகளைக் குறைக்க வேண்டும் என்று நம்பிய பொருளாதார அறிஞர் அவர். காங்கிரஸிடமிருந்து மீட்கப்பட்ட விதியை ஆணையம் தானே மறுபரிசீலனைக்கு எடுத்தது. டீலருக்கு ஒரு பழுது தெரிந்திருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது, எழுதிய குறைகளை மட்டும் பார்த்துவிட்டு மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று வாங்குபவர் நம்பிவிட மாட்டாரா என்று கேள்விகள் எழுந்தன. அந்தக் கேள்விகளில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. நிரூபிப்பது கடினம்தான். ஆனால் கடினம் என்பதற்காகத் தெரிந்ததை மறைக்கும் உரிமையை விற்பவரிடமே விட்டுவிடுவது எந்த வகையில் சரி? 1984 நவம்பரில் திருத்திய விதி வெளியானது. இரு சபைகளும் கொல்ல நினைத்து, உச்ச நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்த அந்த ஒரு வரியை, தெரிந்த குறையைச் சொல் என்ற வரியை, அதை எழுதிய ஆணையமே அடித்துவிட்டது. மீதி இருந்தது மட்டும் அச்சுக்குப் போனது.

1985 மே 9 அன்று அமெரிக்காவின் பழைய கார் திடல்களில் வண்டிகளின் ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைத் தாள் ஒன்று ஏறியது. பையர்ஸ் கைடு என்று தலைப்பு. அதன் நடுவே இரண்டு பெரிய கட்டங்கள். ஒன்றில் உள்ளது உள்ளபடி, வாரண்டி இல்லை என்றும், மற்றதில் வாரண்டி உண்டு என்றும் இருந்தது. வாரண்டி உண்டென்றால் உதிரிபாகத்தில் எத்தனை சதவீதம், கூலியில் எத்தனை சதவீதம், எந்தெந்த பாகத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று நிரப்ப வேண்டும். வாய்மொழி வாக்குறுதியை நிறைவேற்ற வைப்பது கடினம், எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள் என்று தாளே எச்சரித்தது. வெளி மெக்கானிக்கிடம் காட்டலாமா என்று டீலரிடம் கேளுங்கள் என்றது. பின்பக்கத்தில் பழைய வண்டிகளில் வரக்கூடிய பெரிய பழுதுகளின் பொதுப்பட்டியல் இருந்தது. அந்தக் குறிப்பிட்ட வண்டியில் என்ன பழுது என்பது மட்டும் இல்லை. பத்திரத்தின் பொடி எழுத்து ஒன்று சொல்லித் தாள் இன்னொன்று சொன்னால், தாள் சொல்வதே செல்லும் என்ற ஏற்பாடுதான் அதன் உயிர். வியாபாரம் ஸ்பானிஷில் பேசி நடந்தால் தாளும் ஸ்பானிஷில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் ஐந்து வண்டிக்கு மேல் விற்கும் டீலர் எவரும் இதிலிருந்து தப்ப முடியாது.

இன்று அந்தத் திடல்களில் சுற்றுபவர்களுக்கு அந்தத் தாள், கண்ணாடியோடு பிறந்த மாதிரி. ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் கழற்றி, திரும்பி வந்ததும் ஒட்டிவிடுவார்கள். ஒட்டத் தவறினால் ஒரு மீறலுக்கு 50,000 டாலருக்கு மேல்கூட அபராதம் வரலாம் என்பதால் டீலர்களின் சட்ட ஆலோசகர்கள் முதலில் சரிபார்ப்பது அதைத்தான். 2016 நவம்பரில் அறிவித்து 2017 ஜனவரி 27 முதல் அமலான திருத்தத்தில், வண்டியின் வரலாற்று அறிக்கையையும் பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்த விவரத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்லும் வரிகள் சேர்ந்தன. பின்பக்கப் பட்டியலில் ஏர்பேக்கும் நுழைந்தது. தெரிந்த குறை நுழையவில்லை.

2023 டிசம்பரில் ஆணையம் இன்னொரு பெரிய முயற்சி செய்தது. விலையைக் குறைத்துக் காட்டி வரவழைப்பது, வாங்குபவருக்குப் பயனில்லாத கூடுதல் சேவைகளைக் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டுவது போன்ற ஏமாற்றுகளுக்கு எதிராக ஒரு விதியை முடிவுசெய்து அறிவித்தது. அதே டீலர்கள் சங்கம் நியூ ஆர்லியன்ஸின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜனவரி 27 அன்று விதி ரத்தானது. விதியை வரையும் முன்பே கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பை ஆணையம் கொடுக்கவில்லை, தன் சொந்த நடைமுறையை அதுவே மீறியது என்பது காரணம். அந்த முன்னறிவிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 1980-க்குத்தான் போக வேண்டும். ஆணையத்தின் கழுத்தில் ரத்துக் கயிறு போட்ட அதே சட்டம்தான் முன்னறிவிப்புக் கட்டாயத்தையும் கொண்டுவந்தது, பிறகு அது ஆணையத்தின் நடைமுறை விதிகளில் ஏறியது. சாதா அறுத்தது ஒரு கயிற்றைத்தான்.

இந்த மத்தியத் தாள் ஒட்டப்படாத மாநிலங்கள் இரண்டு உண்டு. மெயின் ஒன்று, விஸ்கான்சின் மற்றொன்று. இரண்டும் சொந்தமாகவே விதி வைத்திருப்பதால் விலக்குப் பெற்றவை. விஸ்கான்சினில் டீலர் இன்றைக்கும் வண்டியைச் சோதித்து, இன்ஜின், பிரேக், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கண்ட குறையையும் தெரிந்த குறையையும் குறித்துத்தான் ஜன்னலில் ஒட்ட வேண்டும். நடக்கவே நடக்காது என்று வாஷிங்டனில் வாதிடப்பட்ட காரியத்தை மில்வாக்கியின் டீலர்கள் எழுபதுகளிலிருந்து செய்துவருகிறார்கள். கடையை மூடாமல், லாபம் பார்த்துக்கொண்டேதான் செய்கிறார்கள்.